கவுன்டர் மூடும் வரை

விமானத்தின் கதவைச் சாத்திய பிறகு உள்ளே காலியாகக் கிடக்கும் சீட்டுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. ஜவுளிக்கடையில் இன்று விற்காத புடவையை ஆடித் தள்ளுபடியிலாவது விற்றுவிடலாம். ஓடுபாதையை விட்டு எழும்பிவிட்ட விமானத்தின் 23ஆம் வரிசை நடு சீட்டை இனி யாராலும் விற்க முடியாது. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மலிவாக டிக்கெட் கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். விற்றது போக மிஞ்சினால் ஏறிக்கொள்ளலாம். மிஞ்சாவிட்டால் அடுத்த விமானம் வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில், ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். விடியற்காலை விமானங்களுக்காக நள்ளிரவில் எழுந்து, கொண்டை போட்டு, யூனிஃபார்ம் மாட்டி, எலஹங்காவில் தெருமுனையில் கம்பெனி வண்டிக்காக நிற்கும் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே சேலத்துக்குத் திரும்பும்போது அவளுக்கு லீவு கிடைக்காது. அன்றைக்குத்தான் கவுன்டரில் கூட்டம். அந்த வேலைக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வருவது குடும்பத்துக்கான பயணச் சலுகை. தெரிந்தவர்கள் பலர் இதை ஓசி டிக்கெட் என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அவள் விழித்திருந்த இரவுகளுக்கான கூலியில் அது ஒரு பங்கு.

ஓசியும் இல்லை. அந்தத் துறையில் ஐடி டிக்கெட் என்பார்கள். ஐடி-50, ஐடி-75, ஐடி-90 என்று தள்ளுபடியின் அளவை வைத்தே பெயர். ஐடி-90 என்றால் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி, மீதி 10 சதவீதத்தை நாம் கட்ட வேண்டும். விமான நிலையத்துக்கான பயனர் கட்டணம், 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணத்துக்கு 200 ரூபாயாக உயர்ந்த பாதுகாப்புக் கட்டணம் போன்றவற்றில் தள்ளுபடி கிடையாது. முழுக் கட்டணம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருபவர் கட்டுவதை நாமும் கட்டுகிறோம். வேறு நிறுவனத்தின் விமானத்தில் போவதற்கு ‘ஸெட்’ என்றொரு ஒப்பந்தம் இருக்கிறது. தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு கட்டணம் வைத்து, ஒருவர் ஊழியரை மற்றவர் ஏற்றிக்கொள்கிறார்கள். இவற்றில் பெரும்பாலான டிக்கெட்டுகளின் மேல் ஒரு நிபந்தனை உண்டு. ‘சப்லோ’ என்று ஊழியர்கள் சுருக்கிச் சொல்வார்கள். லோடைப் பொறுத்துத்தான், அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், சீட்டு என்று பொருள்.

என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பாஸ், பிடிஓ என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்தேன். பாஸ் என்றால் கட்டணமில்லை. பிடிஓ என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பாஸை வைத்துக்கொண்டு முன்கூட்டியே பெர்த் ரிசர்வ் செய்யலாம். கோடை விடுமுறையில் எந்தத் தேதியில் எந்த ரயிலில் எந்த ஊருக்குப் போவது என்பதை அப்பா தை மாதத்திலேயே முடிவு செய்துவிடுவார். மகள் கொடுக்கும் டிக்கெட்டில் அந்த நிச்சயம் இல்லை. வருமான வரிச் சட்டம் மட்டும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம் தன் ஊழியர் குடும்பத்துக்கு இலவசமாகப் பயணம் கொடுத்தால் அதன் மதிப்பை ஊழியரின் வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் 3ஆம் விதி சொன்னது. விமான நிறுவனத்துக்கும் ரயில்வேக்கும் மட்டும் அதே விதி விலக்கு தந்தது. பஸ் கம்பெனி ஊழியருக்கு அந்த விலக்கு இருக்கவில்லை.

நாங்கள் போக நினைத்த ஊர் கொல்கத்தா. தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், ஹூக்ளியில் ஒரு படகுப் பயணம் என்று என் கணவர் மனத்துக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தார். பிப்ரவரி மாதம், வெயில் ஏறாத காலம் என்று தேர்ந்தெடுத்தோம். முந்தின நாள் இரவு மகள் போனில் பேசினாள். அவள் பேச்சில் எப்போதும் முதலில் வருவது லோடுதான். “அம்மா, கொல்கத்தா எல்லாமே நிரம்பிருச்சு. அவங்களுக்கு இது கல்யாண மாசம். காலையிலயும் இல்ல, ராத்திரியும் இல்ல. புவனேஸ்வர்ல இருபது சீட்டுக்கு மேல காலியா காட்டுது. போறீங்களா?” அவர் போனை வாங்கி, “உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடு கண்ணு” என்றார். எங்கள் பயணத்தின் ஊர் இப்படித்தான் மாறியது.

முழுக் கட்டணத்துக்கு வாங்கிய டிக்கெட் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. எங்களிடம் இருப்பதில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகலாம். அதனால் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதை நம்பிக் கிளம்பக் கூடாது. இரண்டு நாள் தள்ளிப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பயணத்துக்கே இது பொருந்தும். நேரம் கையில் இருக்கும் எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு அது அமைகிறது. அதைச் சம்பாதித்துக் கொடுத்த மகளுக்கு வருஷத்தில் பாதி நாள் அந்த நேரமே கிடைப்பதில்லை என்பது என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வந்த பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையம் போகும் கேஐஏ-8 வாயு வஜ்ரா பஸ்ஸில் ஏறினோம். பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளிப் பக்கம் போய்ப் பல வருஷமாகிவிட்டது. 2008 மே 24 அன்று அது திறந்த அதே நேரத்தில் பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் பயணிகள் சேவை நின்றது. எச்ஏஎல் காலத்தில் முருகேஷ்பாளையாவிலும் கோடிஹள்ளியிலும் குடியிருந்த விமான நிறுவன ஊழியர்கள் நடந்தே வேலைக்குப் போய்விடுவார்கள் என்று மகளோடு வேலை பார்க்கும் மூத்த அம்மாள் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீட்டு கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிக் காப்பி குடித்துவிட்டு மத்தியான விமானத்துக்கு மறுபடி வரலாம். இப்போது எம்.ஜி. ரோட்டிலிருந்து எடுத்துக்கொண்டாலும் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ஹெப்பாள் மேம்பாலத்து நெரிசலைத் தாண்டி வந்தவர்களுக்கு, சீட்டு இல்லை என்றால் அன்றைய நாளே போய்விடும். அதனால்தான் மகள் எலஹங்காவில் வீடு பிடித்தாள்.

டெர்மினல் 2இன் முன்னால் இறங்கியதும் என் கணவர் ஒரு நிமிஷம் அண்ணாந்து நின்றுவிட்டார். எஸ்ஓஎம் என்ற அமெரிக்க நிறுவனம் வடிவமைத்தது. 2022 நவம்பர் 11 அன்று திறப்பு விழா நடந்து, அடுத்த ஜனவரியில் உள்நாட்டு விமானங்கள் அங்கிருந்து கிளம்பத் தொடங்கின. கூரை முழுக்க மூங்கில். கொத்துக் கொத்தாகச் செடிகள் மேலிருந்து தொங்குகின்றன. பெரும்பாலான பயணிகள் முகத்தைக் காட்டி டிஜி யாத்ரா வழியில் வேகமாக உள்ளே போனார்கள். 2022 டிசம்பர் 1 அன்று அந்த வசதி தொடங்கிய மூன்று விமான நிலையங்களில் பெங்களூரும் ஒன்று. ஆனால் அதற்குப் போர்டிங் பாஸை முன்கூட்டியே போனில் ஏற்ற வேண்டும். எங்களிடம் போர்டிங் பாஸ் கிடையாது, கிடைக்குமா என்றும் தெரியாது. பக்கத்து வாசலில் சிஐஎஸ்எஃப் காவலரிடம் அச்சடித்த டிக்கெட்டையும் ஆதாரையும் காட்டி உள்ளே போனோம்.

மகள் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். கையில் எடுத்துப் போகிற பை மட்டும்தான், 7 கிலோவுக்குள். கடைசி நிமிஷத்தில் சீட்டு கிடைத்தால் பெட்டியை எடை போட்டு பெல்ட்டில் அனுப்ப நேரம் இருக்காது. அப்பா வேட்டியிலோ பேண்ட்டிலோ வரலாம், லுங்கியும் ரப்பர் செருப்பும் கூடாது. கவுன்டரில் ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். போய்ப் போய்க் கேட்கக் கூடாது. வரிசையில் நிற்கும் பயணிகளிடம் இது ஸ்டாஃப் டிக்கெட் என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. சீட்டு கிடைக்காவிட்டால் கவுன்டர் பெண்ணிடம் ஒரு வார்த்தை சண்டை போடக் கூடாது. “நீங்க செய்யறது எல்லாம் என் பேர்லதான் எழுதுவாங்கம்மா” என்றாள். அவள் அன்று வார விடுமுறையில் வீட்டில் இருந்தாள். பெற்றவர்களுக்குச் செக்-இன் செய்யும் இடத்தில் தான் நிற்பது சரியில்லை என்று வரவே மறுத்துவிட்டாள்.

உடை விஷயத்தை மிகையாக எண்ணியவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். 2017 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் டென்வரில் லெகிங்ஸ் அணிந்து வந்த இரண்டு பெண்பிள்ளைகளை யுனைடெட் நிறுவனம் விமானத்தில் ஏற்றவில்லை. பார்த்தவர் ஒருவர் அதை வெளியே சொல்ல, உலகமே கொதித்தது. அவர்கள் ஊழியர் குடும்பச் சலுகையில் வந்தவர்கள், அதற்கான உடை விதி தனி என்று நிறுவனம் விளக்கியது. அடுத்த இரண்டு வாரத்தில், ஏப்ரல் 9 அன்று, சிகாகோவில் அதே நிறுவனத்தின் விமானத்தில் சீட்டில் உட்கார்ந்துவிட்ட டேவிட் டாவ் என்ற மருத்துவரைக் காவலர்கள் தரதரவென்று இழுத்து வெளியேற்றினார்கள். மறுநாள் வேறொரு விமானத்தை இயக்கப் போக வேண்டிய நான்கு ஊழியர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. டியூட்டிக்காகப் போகும் ஊழியர் பட்டியலின் தலையில் இருக்கிறார். அவர் போகாவிட்டால் இன்னொரு ஊரில் ஒரு விமானம் முழுவதும் நின்றுவிடும். சலுகையில் போகும் குடும்பம் அதே பட்டியலின் கடைசியில் இருக்கிறது. டாவ் சம்பவத்துக்குப் பிறகு, பணிக்குப் போகும் ஊழியர்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிஷத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும் என்று யுனைடெட் விதியை மாற்றியது.

கவுன்டரிலிருந்து சற்றுத் தள்ளி நாற்காலிகள் இருந்தன. அங்கே எங்களைப் போலவே இன்னும் சிலர். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பை சின்னதாக இருக்கும், உடை கொஞ்சம் கூடுதல் சுத்தமாக இருக்கும், கண் கவுன்டர் மேல் இருக்கும். கைக்குழந்தையோடு வந்திருந்த இளம்பெண் ஒரு பைலட்டின் மனைவி. இன்னொரு பக்கம் கலபுரகியிலிருந்து வந்த வயதான தம்பதி. மகன் விமானத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறான். அந்தப் பெரியவர் வெள்ளை வேட்டியும் காந்தி குல்லாவும் அணிந்திருந்தார். அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. மருமகள் ஊர் புவனேஸ்வர், பேரன் பிறந்திருக்கிறான். பைலட் மனைவிக்கும் இவருக்கும் ஒரே பட்டியல். எந்த வரிசையில் பெயர் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமெரிக்காவில் டெல்டா போன்றவை வேலையில் சேர்ந்த தேதியைப் பார்க்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யார் முதலில் செக்-இன் செய்தார் என்பதைப் பார்க்கும். மகளின் நிறுவனத்தில் பணிமூப்புதான் கணக்கு. சாமான் ஏற்றுகிற பையன் பைலட்டுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவன். அதனால் அவன் அப்பாவின் பெயர் மேலே இருந்தது. சம்பளத்திலும் மரியாதையிலும் எத்தனையோ படிகள் வைத்திருக்கும் ஒரு துறையில் இந்த ஒரு பட்டியல் இப்படி இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

உள்நாட்டு விமானங்களுக்குக் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுகிறது. அதுவரை பணம் கொடுத்த பயணி யார் வேண்டுமானாலும் ஓடி வரலாம். அவர் வராவிட்டால்தான் நமக்கு இடம். விமான நிறுவனங்கள் சிலர் வரமாட்டார்கள் என்று கணித்து, இருப்பதை விடக் கூடுதலாகவே சில டிக்கெட்டுகளை விற்றும் வைக்கின்றன. அந்தக் கணிப்பு தவறி, கையில் உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற முடியாமல் போகிற பயணிக்கு நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிப்படி 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ஐரோப்பாவின் 261ஆம் ஒழுங்குவிதி இன்னும் தாராளமானது. ஆனால் பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்தில் வருபவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பேச ஒரு விதியும் இல்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பெங்களூரிலும் ஜனம் தரையில் படுத்துக் கிடந்தபோது மகள் வீட்டுக்கு வரவே இல்லை. அந்த வாரம் மற்ற நிறுவன விமானங்களில் இருந்த ஒவ்வொரு காலி சீட்டும் தவித்துக்கொண்டிருந்த பயணிகளுக்குத்தான் போயிருக்க வேண்டும். அப்போது எந்த ஊழியர் குடும்பமும் பட்டியலில் பெயர் கொடுக்க நினைப்பதே தப்பு என்றாள்.

கவுன்டர் மூட இன்னும் பத்து நிமிஷம் இருக்கையில் டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய குடும்பம் ஓடி வந்தது. கலபுரகிப் பெரியவரின் முகம் விழுந்துவிட்டது. கவுன்டர் பெண் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, கணினியில் ஏதோ தட்டி, வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசி, பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். முதலில் பெரியவரும் அவர் மனைவியும். அடுத்து குழந்தையோடு அந்தப் பெண். கடைசியில் நாங்கள். போர்டிங் பாஸ் அச்சாகி வரும் அந்தச் சின்ன இயந்திரத்தின் சத்தத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு 11இ, எனக்கு 27பி. இரண்டும் நடு சீட்டு. சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கக் கூடாது என்பதும் மகள் சொல்லி அனுப்பியதில் இருந்தது.

கேட்டுக்கு நடந்து போகும்போது கவுன்டர் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டே போனேன். என் மகளின் வயதுதான். இப்படித்தான் அவளும் தினமும் சிலருக்குக் கை காட்டுகிறாள், சிலரிடம் “சாரி சார், ஃபுல்” என்கிறாள். இந்தச் சலுகை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போகும். பெங்களூர்க்காரரான விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்தவர்கள், அதுவரை அப்பா அம்மாவைக் காசிக்கும் அமிர்தசரஸுக்கும் அனுப்பிவைத்த பிள்ளைகள். ஏர் இந்தியாவை 2022 ஜனவரி 27 அன்று டாடாவிடம் ஒப்படைப்பதற்கு முன்பு அங்கே பல காலம் உழைத்தவர்கள் கவலைப்பட்ட விஷயங்களில் மருத்துவ வசதியோடு இந்தப் பயண உரிமையும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பேராசை மாதிரி தெரிந்திருக்கலாம். முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவருக்கு அப்படி இல்லை.

புவனேஸ்வரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது லிங்கராஜர் கோயில் மட்டும். பதினோராம் நூற்றாண்டின் அந்தக் கோபுரத்தை மாலை வெளிச்சத்தில் பார்த்தோம். பூரியில் கூட்டம், கொனார்க்கில் வெயில். இரண்டையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது உதயகிரியைப் பற்றி.

நகரத்தின் ஓரத்திலேயே, விமான நிலையத்துக்கு அதிகத் தூரமில்லாமல், சாலையின் இரண்டு பக்கமும் உதயகிரி, கண்டகிரி என்று இரண்டு குன்றுகள். சமண முனிவர்களுக்காகக் குடைந்த குகைகள். உதயகிரியில் படியேறிப் போனால் யானைக் குகை என்று சொல்லப்படும் ஹாதிகும்பா. இயற்கையான பெரிய பொந்து அது. அதன் நெற்றியில், தலைக்கு மேலே, 17 வரிகளில் ஒரு கல்வெட்டு. கலிங்கத்து மன்னன் காரவேலன் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தன் ஆட்சியை ஆண்டு வாரியாகச் சொல்லி வெட்டிவைத்தது. பிராமி எழுத்து, பிராகிருத மொழி. மழையும் காற்றும் தின்று பாதி எழுத்து மழுங்கிவிட்டது. அதன் பதினோராம் வரியில் நெடுங்காலமாக நிலைத்திருந்த தமிழ் அரசுகளின் கூட்டணியைத் தான் உடைத்ததாகக் காரவேலன் சொல்கிறான். அந்தக் கூட்டணி 113 ஆண்டு பழையது என்று ஒரு வாசிப்பு, 1300 ஆண்டு என்று இன்னொரு வாசிப்பு. பாண்டிய மன்னனிடமிருந்து முத்தும் மணியும் வந்ததையும் பின்னால் சொல்கிறான்.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நான். மூவேந்தர் கூட்டணிக்குக் கல்லில் சாட்சி உண்டு, கலிங்கத்தில் இருக்கிறது என்று எட்டாம் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கல் இருக்கும் ஊர் இதுதான் என்பது புத்தகத்தில் இருந்தது, எங்கள் திட்டத்தில் இல்லை. கொல்கத்தா விமானத்தில் இரண்டு சீட்டு காலியாக இருந்திருந்தால் நான் அந்தக் குகையின் கீழே நின்றிருக்க மாட்டேன். தமிழர்களைத் தோற்கடித்ததாகப் பெருமை பேசும் வரிதான். ஆனாலும் இத்தனை தூரத்தில், வேற்று மொழியில், பகைவன் வாயால் நம் பெயர் வெட்டப்பட்டிருப்பதை அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. தொல்லியல் துறை காவலாளியிடம் எந்த வரி என்று கேட்டேன். அவர் விரலால் நடுப்பகுதியைக் காட்டினார்; கண்ணுக்குப் பிடிபடவில்லை. கழுத்து வலிக்க வலிக்க நின்றேன். என் கணவர் கீழே கல்லில் உட்கார்ந்து, நான் இறங்கி வரும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது பட்டியல் எங்கள் பக்கம் இல்லை. சீட்டு இரண்டு மூன்று காலியாக இருந்தும் எங்கள் இருவரையும் ஏற்ற முடியவில்லை. மகள் போனில் விளக்கினாள். காலி சீட்டு வேறு, தூக்கக்கூடிய எடை வேறு. கீழே சரக்கு ஏறியிருந்தால், எரிபொருள் கூடுதலாக வேண்டியிருந்தால், விமானம் எழும்பும் எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் காற்று லேசாக இருப்பதால் வெயில் நேரத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 2021 ஜனவரியில் பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏர் இந்தியா நேரடி விமானம் விட்டபோது தூரம் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போகும் விமானங்களில் எரிபொருளே பெரும் சுமை. சீட்டுகளைக் காலியாக விட்டே பறக்க வேண்டி வருவதும் உண்டு.

“ஒரே ஒருத்தர் வரலாம்” என்றார் அங்கிருந்த கவுன்டர் அதிகாரி. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இதற்கும் மகள் முன்பே தயார் செய்திருந்தாள். மறுநாள் விவேக் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் இரண்டு பெர்த் எடுத்து வைத்திருந்தாள். ஊழியர் டிக்கெட்டில் வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒரு மாற்று வழியைக் கையில் வைத்திருப்பார்கள். என் கணவருக்கு முழங்கால் வலி. “ஏங்க, நீங்க போங்க, நான் ரயில்ல வரேன்” என்றேன். “நீ தனியா எப்படி வருவ?” என்று தொடங்கியவர், கவுன்டரில் நிற்பவரைக் காக்க வைக்கக் கூடாது என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

திப்ருகரில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ரயில் அது. புவனேஸ்வருக்கு வரும்போதே இரண்டு நாள் களைப்போடு வருகிறது. பெட்டி முழுக்க அசாம், வங்காளத்துப் பையன்கள்; திருப்பூர், கோவை, கேரளா என்று வேலைக்குப் போகிறவர்கள். டிடிஇ வந்தபோது, என் கணவர் வரவில்லை, அவருடைய பெர்த் காலி என்று சொன்னேன். முன்பெல்லாம் காகிதப் பட்டியலில் கோடு போடுவார்கள். இப்போது கையில் இருக்கும் கருவியில் தட்டினார். அந்த இடம் உடனே ஆர்ஏசியில் இருந்த அடுத்தவருக்குப் போனது. பக்கவாட்டு பெர்த்தில் இன்னொருவரோடு பாதி பாதியாகக் காலை மடக்கி உட்கார்ந்து வந்த இளைஞர் எழுந்து வந்தார். பையை மேலே போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “நன்றிம்மா” என்று தமிழிலேயே சொன்னார்.

திருப்பூரில் ஐந்து வருஷமாக பனியன் கம்பெனியில் தையல் வேலை. அசாமில் கோலாகாட் பக்கம் ஊர். ஐயா ஏன் வரவில்லை என்று கேட்டார். மகள் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், அந்த டிக்கெட்டில் ஓர் இடம் கிடைத்தது, அவர் போய்விட்டார் என்றேன். எவ்வளவு டிக்கெட் என்று கேட்டார். சொன்னேன். நம்ப முடியாமல் இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு தன் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். பிஹு பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கொடுத்துவிடுவார்கள். போக வரச் சாப்பாடும் டிக்கெட்டும் தன் செலவு. போன தடவை ரிசர்வேஷன் கிடைக்காமல் வாசல் பக்கத்தில் நின்றே விஜயவாடா வரை வந்தாராம். சம்பளம் நாள் கணக்கில் என்பதால் ரயிலில் கழியும் நாட்களுக்கு ஒன்றும் கிடையாது.